நீந்திப் போனவர் பெயரில் ஒரு பாலம்

வித்யாசாகர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு 'கில்லி' பட மியூசிக்தான் காதில் கேட்கும். தப்பில்லை. ஆனால் இவர் வேறு வித்யாசாகர். பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இல்லை. வெள்ளைக்கார சர்க்காரைச் சட்டம் போட வைத்தவர். இவர் பெயரில் கொல்கத்தாவில், ஹூக்ளி ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. வித்யாசாகர் சேது.

'நாங்க கொல்கத்தா பக்கமே போனதில்லையே சார்' என்கிறீர்களா? பாலத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. 2004-ல் மணிரத்னம் ஒரே கதையைத் தமிழில் 'ஆய்த எழுத்து', இந்தியில் 'யுவா' என்று எடுத்தார் இல்லையா? தமிழில் மூன்று ஹீரோக்களின் கதையும் வந்து முட்டிக்கொள்வது நம்ம நேப்பியர் பாலத்தில். இந்தியில் அதே சமாசாரம் வித்யாசாகர் சேதுவில். அதாவது, கூவம் பாலம் போட்ட வேஷத்தை அங்கே ஹூக்ளி பாலம் போட்டது.

சேது என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. ராமநாதபுரத்து சேதுபதிகளைத் தெரியாதவர் யார்? வங்காளத்தில் சேது என்றால் சாதாரணமாகப் பாலம்தான். வித்யாசாகர் என்றால் கல்விக் கடல். கடல் மேல் சேது கட்டிய கதை நம்மிடம் இருக்கிறது. சேதுவுக்கே ஒரு கடலின் பெயரை வைத்திருக்கிறார்கள் கொல்கத்தாக்காரர்கள்.

வைத்தார்களே தவிர, கூப்பிடுகிறார்களா? ஊரில் இறங்கி 'வித்யாசாகர் சேது' என்று கேட்டேன். டாக்ஸிக்காரர் அரை நொடி யோசித்து, "ஓ, செகண்ட் ஹூக்ளி பிரிட்ஜா?" என்றார். லேக் மார்க்கெட் பக்கம் பல வருஷமாகக் குடியிருக்கும் நம்மூர் நண்பர் சிரித்தார். "ஹவுரா பிரிட்ஜுக்குக்கூட 1965-லேயே ரவீந்திர சேதுன்னு பேர் வெச்சாச்சு. தாகூர் பேரையே இவங்க சொல்றதில்லை. வித்யாசாகரை மட்டும் சொல்லிடுவாங்களா?"

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? சென்னையில் எந்த ஆட்டோக்காரரிடமாவது 'அண்ணா மேம்பாலம்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஜெமினியா?" என்பார். ஜெமினி ஸ்டூடியோ போய் எத்தனையோ காலமாச்சு. பெயர் மட்டும் பாலத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

பாலத்தின் ஜாதகத்தை முதலில் பார்த்துவிடலாம்.

அடிக்கல் நாட்டியது 1972 மே 20. நாட்டியவர் இந்திரா காந்தி. வேலை ஆரம்பித்தது 1979-ல். திறந்தது 1992 அக்டோபர் 10. ஆக, அடிக்கல் நாட்டிய அன்று பிறந்த குழந்தை, பாலம் திறக்கும்போது காலேஜில் அரியர்ஸ் வைத்துக்கொண்டிருந்திருக்கும். நம் ஊரில் பாலம் தாமதமானால் பொருமுகிறவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

ஆனால் வந்து நின்ற பாலம் லேசுப்பட்டதில்லை. நீளம் சுமார் 823 மீட்டர். அகலம் 35 மீட்டர், ஆறு லேன். இரண்டு பக்கமும் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 128 மீட்டர் உயரம். அவற்றின் உச்சியிலிருந்து விசிறி மாதிரி கேபிள்கள் இறங்கி, ரோட்டைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. குடையை விரித்து, அதன் கம்பிகளைப் பார்த்தால் சூத்திரம் புரிந்துவிடும். நடு ஸ்பான் மட்டும் 457 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. கப்பல் போகிற ஆறாயிற்றே, நடுவில் கால் வைத்தால் துறைமுகக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

இன்னொரு விசேஷம். 1943-ல் திறந்த பழைய ஹவுரா பாலத்தின் நடு ஸ்பானும் அதே 457 மீட்டர்தான். ஒன்று இரும்பு எலும்புக்கூடு மாதிரி கனத்து நிற்கிறது. மற்றது வீணைத் தந்தி மாதிரி மெலிந்து நிற்கிறது. தாண்டுகிற தூரம் மட்டும் ஒன்றே. ஜெர்மன் இன்ஜினீயர் யோர்க் ஷ்லாய்ஷின் நிறுவனம் போட்ட டிசைன் இது. அந்தக் காலத்தில் வெல்டிங்குக்குத் தோதான எஃகு நம் நாட்டில் சுலபமாகக் கிடைக்கவில்லை. அதனால் ஹவுரா பாலத்தைப் போலவே இதையும் ரிவெட் அடித்தே சேர்த்தார்கள். உருவம் புதுசு, தையல் பழசு.

பாலத்தைப் பார்க்க நல்ல இடம் பிரின்செப் காட். 1843-ல் கட்டிய, வெள்ளைத் தூண்கள் வைத்த படித்துறை மண்டபம். ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் அசோகன் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர். அவர் ஞாபகமாகக் கட்டியது. மண்டபத்துக்குப் பின்னால் தலைக்கு மேலே பாலம் போகிறது. சாயங்காலம் போனால், ஜோடி ஜோடியாகக் கல்லூரிப் பிள்ளைகள், மண் குவளையில் டீ, காகிதப் பொட்டலத்தில் கடுகெண்ணெய் விட்ட ஜால்முரி (நம்ம காரப் பொரிக்கு ஒன்றுவிட்ட தம்பி). ஆற்றில் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. பேரம் பேச வேண்டும். படகில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால்தான் அந்த 457 மீட்டர் எவ்வளவு பெரிசு என்று உறைக்கிறது.

அந்தப் படகில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. வித்யாசாகர் முதல்முதலாகக் கல்கத்தாவுக்கு வந்தபோது இந்த ஆற்றைத் தாண்ட இப்படித்தான் ஒரு படகு. பாலம் என்று ஒன்றுமே இல்லை. 1854-ல் ஹவுராவுக்கு ரயில் வந்த பிறகும், ரயிலை விட்டு இறங்கியவர்கள் படகு பிடித்துத்தான் ஊருக்குள் போனார்கள். மிதவைகளை வரிசையாகக் கட்டி முதல் பாலம் போட்டது 1874-ல். அப்போது வித்யாசாகருக்கு ஐம்பத்து நாலு வயசு.

அவர் வந்த கதையைக் கேளுங்கள்.

1820 செப்டம்பர் 26-ல், இன்றைய பஸ்சிம மேதினிப்பூர் மாவட்டத்தில், பீர்சிங்கா என்ற கிராமத்தில் பிறந்தவர் ஈஸ்வர சந்திரர். குடும்பப் பெயர் பந்தோபாத்யாயா. 'வித்யாசாகர்' என்பது பின்னால் படித்து வாங்கிய பட்டம். அப்பா தாகுர்தாஸ் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பையனுக்கு எட்டு வயசாகும்போது, 'இவனைப் பட்டணத்தில் படிக்க வைப்போம்' என்று நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தார்.

வழியில் ஹவுராப் பக்கம் சால்கியாவுக்கு வரும் ரோடு. ஓரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. 'அம்மிக்கல்லை எதுக்கு ரோட்டோரம் நட்டு வெச்சிருக்காங்க?' என்று கேட்டான் பையன். அப்பா சிரித்துவிட்டு, அது மைல்கல், அதில் இங்கிலீஷ் நம்பர் செதுக்கியிருக்கிறது, இது பத்தொன்பது என்றார். அவ்வளவுதான். அடுத்தடுத்த கல்லைப் பார்த்துப் பார்த்து, பத்தாவது கல் வருவதற்குள் இங்கிலீஷ் எண்கள் அத்தனையும் பையனுக்குப் பாடம். அப்பாவுக்குச் சந்தேகம். சும்மா வரிசையை வைத்து அடிக்கிறானோ? ஒன்பது, எட்டு, ஏழு என்று கேட்டார். ஆறாவது கல் வந்தபோது பேச்சுக் கொடுத்து, பையன் அதைப் பார்க்காமல் கடத்திவிட்டார். அப்புறம் ஐந்தாவது கல்லைக் காட்டி, 'இது என்ன?' என்றார்.

பையன் பார்த்தான். இதில் தப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருக்கிறது என்றான்.

இந்தக் கதையை வித்யாசாகரே தன் முடிவு பெறாத சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். 'கெட்டிக்காரப் பையன்' என்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். கல்லில் செதுக்கியாச்சு, சர்க்கார் நட்டது, அதுவும் இங்கிலீஷ். நாமாக இருந்தால், 'நமக்குத்தான் எண்ணத் தெரியலை போல' என்று வாயை மூடிக்கொண்டிருப்போம். இந்தப் பொடியன் கல்லையே சந்தேகப்பட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

படித்து முடித்து, 1841 கடைசியில், இருபத்தொரு வயசில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வேலை. அங்கே கம்பெனி துரைகளுக்கு நாட்டு மொழி கற்றுக்கொடுக்க வேண்டும். சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய். முதல் காரியமாக அப்பாவிடம், 'பத்து ரூபாய்ச் சம்பளத்துக்கு நீங்கள் உழைத்தது போதும், ஊருக்குப் போங்கள்' என்று சொல்லி, மாதம் இருபது ரூபாய் அனுப்ப ஆரம்பித்தார். முதல் சம்பளத்தில் கூலிங் கிளாஸ் வாங்கியவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிப் போகலாம்.

இனி வருவது ஆபீஸ் போகிற எல்லோரும் கேட்க வேண்டிய கதை. தம்பிக்குக் கல்யாணம். அம்மாவிடமிருந்து கடிதம்: கட்டாயம் வா. மேலதிகாரி மார்ஷல் துரையிடம் லீவு கேட்டார். கிடையாது என்று பதில். (துரைகள் போய்விட்டார்கள், இந்தப் பதில் போகவில்லை.) ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் போய், லீவு தருகிறீர்களா, இல்லை ராஜினாமாவை வாங்கிக்கொள்கிறீர்களா என்று நின்றார். துரை அசந்துபோய் லீவு கொடுத்தார். நடந்தே கிளம்பினார். தாமோதர் ஆற்றங்கரைக்கு வந்தால், இரண்டு கரையும் புரண்டு வெள்ளம். படகு இல்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குதித்தார். நீந்தி அக்கரை ஏறி, நள்ளிரவில் வீட்டு வாசலில் நின்று, 'அம்மா, வந்துட்டேன்' என்றார்.

வங்காளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை இது. நிஜமா, ஜோடித்ததா என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. 'தாமோதரை நீஞ்சினாரோ இல்லையோ, அதைவிடப் பெரிய ஆறு ஒண்ணை அவர் நீஞ்சினது எல்லாருக்கும் தெரியும் சார்' என்றார் நண்பர். எப்படியோ, ஆற்றை நீந்தித் தாண்டியவர் என்று ஊரே நம்பும் மனுஷனின் பெயரை ஒரு பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

மனுஷன் லேசில் வளைந்து கொடுக்கிறவர் இல்லை. ஹிந்து காலேஜ் பிரின்சிபால் கெர் துரையைப் பார்க்க ஒரு தடவை போனார். துரை பூட்ஸ் காலை மேஜைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டே பேசினார். கொஞ்ச நாளில் அதே துரை, ஒரு வேலையாக சம்ஸ்கிருத காலேஜுக்கு வந்தார். வித்யாசாகர் செருப்புக் காலை மேஜைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வரவேற்றார். புகார் மேலே போயிற்று. விளக்கம் கேட்டதற்கு, துரை எனக்குக் காட்டியதுதான் ஆங்கில நாகரிகம் என்று நினைத்தேன் என்று பதில் சொன்னார். மெமோவுக்குப் பதில் எழுதுவதில் இப்படி ஒரு உத்தி இருப்பது உங்களுக்கும் உபயோகப்படலாம். (பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.)

1847-ல் சம்ஸ்கிருத காலேஜ் வேலையை மேலிடத்தோடு ஒத்துவராமல் உதறினார். சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று கேட்டவர்களுக்கு, உருளைக்கிழங்கும் காய்கறியும் விற்பேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள். காய்கறி விற்கவில்லை, அச்சகம் வைத்தார், புத்தகம் போட்டார். 1855-ல் அவர் எழுதிய 'வர்ண பரிச்சய்' என்ற அரிச்சுவடியில்தான் வங்காளிகள் தலைமுறை தலைமுறையாக அ, ஆ படித்தார்கள். பணமும் வந்தது. திரும்ப சம்ஸ்கிருத காலேஜே கூப்பிட்டது. 1851-ல் பிரின்சிபால். பிராமணரும் வைத்தியரும் மட்டுமே படித்த அந்தக் காலேஜின் கதவை மற்ற ஜாதிகளுக்கும் திறந்தார். கிராமங்களில் பெண்களுக்காக 35 பள்ளிக்கூடங்கள் ஆரம்பித்தார். சர்க்கார் செலவுக்குப் பணம் தர மறுத்தது. இது மட்டுமல்ல, இன்னும் சில உரசல்கள். 1858-ல் மறுபடியும் ராஜினாமா.

இப்போது நண்பர் சொன்ன அந்தப் பெரிய ஆற்றுக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் நாலு வயசில் கல்யாணம், ஆறு வயசில் விதவை என்பதெல்லாம் செய்தியே இல்லை. கணவன் முகமே ஞாபகமில்லாத குழந்தை, சாகிற வரைக்கும் வெள்ளைப் புடவை, ஒரு வேளைச் சாப்பாடு, ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. கேட்டால், சாஸ்திரம். கல்லில் செதுக்கியாச்சு.

வித்யாசாகர் ராத்திரி பகலாகச் சாஸ்திரங்களைப் புரட்டினார். பராசர ஸ்மிருதியில் ஒரு சுலோகம் கிடைத்தது. கணவன் காணாமல் போனாலும், இறந்தாலும், இன்னும் சில ஆபத்துகளிலும் ஒரு பெண் வேறு கணவனை அடையலாம் என்கிற சுலோகம். கலியுகத்துக்குரியது பராசர ஸ்மிருதி என்று பண்டிதர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் இது செல்லும் என்று 1855-ல் புத்தகம் எழுதினார்.

சால்கியா ரோட்டுக் கதை ஞாபகம் இருக்கிறதா? கல் தப்பில்லை. நடுவில் ஒரு கல்லை அப்பா கண்ணில் படாமல் மறைத்துவிட்டார். பையன் கணக்கு உதைக்கிறது என்று கண்டுபிடித்தான். இங்கேயும் அதேதான். நடுவில் ஒரு கல்லை யாரும் பார்க்காமல் கடத்திக்கொண்டு போயிருந்தார்கள். அதே பையன், முப்பத்தைந்து வயசில், திரும்பிப் போய் அதைத் தேடி எடுத்தான்.

சட்டம் கேட்டு சர்க்காருக்கு மனுப் போட்டார். ஆதரித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்த்து ராதாகாந்த தேவ் போட்ட மனுவில் முப்பதாயிரத்துக்கு மேல்! ஓட்டுப் பெட்டி வைத்திருந்தால் டெபாசிட் போயிருக்கும். ஆனாலும் 1856 ஜூலை 26-ல் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. சாந்திப்பூர் நெசவாளர்கள் புடவைக் கரையில் வித்யாசாகரை வாழ்த்திப் பாட்டு நெய்தார்கள். அவரைத் திட்டியும் பாட்டுகள் ஓடின. இரண்டுக்கும் நல்ல கிராக்கி.

சட்டம் வந்தாச்சு. கல்யாணம்?

இங்கேதான் சங்கடம். பேசுவதற்கு ஆள் இருந்தது. மாலை போட ஆள் இல்லை. கடைசியில் வந்தவர் ஸ்ரீஷ் சந்திர வித்யாரத்னா. சம்ஸ்கிருத காலேஜ் ஆசாமி, உத்தியோகத்தில் இருந்த இளைஞர். அவரும் நடுவில் தயங்கினார், வீட்டு எதிர்ப்பு. பிறகு தேறி வந்தார். 1856 டிசம்பர் 7, கல்கத்தா சுகியா தெருவில் ஒரு நண்பர் வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை பல்லக்கு வந்த வழி நெடுக போலீஸ். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. மணப்பெண் காளிமதி, ஏற்கெனவே விதவை. வயசு என்ன தெரியுமா? பத்து.

இன்று படிக்கும்போது இரண்டு தடவை வலிக்கிறது. பத்து வயசில் விதவை என்பது ஒரு தடவை. பத்து வயசில் கல்யாணம் என்பது இன்னொரு தடவை. ஒரு ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் இன்னொரு ஆறு.

அந்தக் கல்யாணச் செலவு வித்யாசாகருடையது. அடுத்ததும், அதற்கடுத்ததும். 1867-க்குள் சுமார் 60 விதவை மறுமணங்கள், சுமார் 82,000 ரூபாய் செலவு என்று கணக்குச் சொல்கிறார்கள். மாதம் ஐம்பது ரூபாய் நல்ல சம்பளமாக இருந்த ஊரில் 82,000! கூட நிற்கிறோம் என்று கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷர்கள் பலர் நழுவினார்கள். பணம் தருகிறேன் என்றவர்கள் தரவில்லை. பணத்துக்காக விதவையைக் கட்டிக்கொண்டு ஏமாற்றியவர்களும் உண்டு. மனுஷன் கடனில் மூழ்கினார். 1870-ல் சொந்த மகன் நாராயண சந்திரன் ஒரு விதவையை மணந்தான். சொந்தக்காரர்கள் உறவு அறுந்துபோகும் என்றார்கள். விதவை மறுமணத்தைத் தொடங்கி வைத்ததுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய நற்காரியம் என்று தம்பிக்குப் பதில் எழுதினார்.

கடனோடு கடனாக மற்றவர்களுக்கும் கொடுத்தார். மைக்கேல் மதுசூதன் தத்தா என்ற வங்கக் கவி. 1848 முதல் 1856 வரை நம்ம சென்னையில் வாத்தியாராகவும் பத்திரிகைக்காரராகவும் காலம் தள்ளியவர். பிற்பாடு பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சேல்ஸில் குடும்பத்தோடு கடனில் சிக்கி, ஜெயிலுக்குப் போகிற நிலைமை. யாருக்கு எழுதினார்? வித்யாசாகருக்கு. பணம் கப்பலேறிப் போயிற்று. நம் பக்கத்து ராஜமுந்திரியில், கோதாவரிக் கரையில், கந்துகூரி வீரேசலிங்கம் 1881-ல் ஒரு விதவை மறுமணத்தை நடத்திக் காட்டினார். அவருக்கு 'தென்னாட்டு வித்யாசாகர்' என்றே பெயர் வந்தது.

கடைசிக் காலத்தில் வித்யாசாகருக்கு நகரத்துப் படித்தவர்கள் அலுத்துப்போனார்கள். இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் கர்மாடாரில் ஒரு வீடு வாங்கி, சந்தால் பழங்குடி மக்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்துக்கொண்டு பல வருஷம் கழித்தார். அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்கும் இப்போது வித்யாசாகர் என்றே பெயர். 1891 ஜூலை 29-ல் கல்கத்தாவில் காலமானார்.

திரும்பப் பாலத்துக்கு வருவோம். 1992-ல் பாலத்தைத் திறந்துவிட்டார்களே தவிர, எதிர்பார்த்த வண்டிகள் முதலில் வரவில்லை. ஒரு நாளைக்கு 85,000 வண்டி தாங்கும் என்று கட்டிய பாலம், ஆரம்ப வருஷங்களில் ஹாயாகக் கிடந்தது. ஹவுரா பாலத்தில் நசுங்கிக்கொண்டே ஜனம் போயிற்று. காரணம் ரொம்பச் சாதாரணம். பாலம் இருக்கிறது, பாலத்துக்கு வந்து சேர ஒழுங்கான ரோடு இல்லை. கோனா எக்ஸ்பிரஸ்வே வந்து, நெடுஞ்சாலையோடு கோத்துவிட்ட பிறகுதான் பாலம் பாலமாயிற்று. 2013-ல் மாநிலத் தலைமைச் செயலகமே அக்கரையில் ஹவுராவுக்கு, 'நபன்னா' கட்டடத்துக்கு மாறியது. கொல்கத்தாவில் வீடு, நபன்னாவில் உத்தியோகம் என்கிற குமாஸ்தாக்களுக்கெல்லாம் தினமும் இந்தப் பாலம்தான் வழி. லீவு லெட்டர் பையில் வைத்துக்கொண்டு, லீவு வாங்கப்போய் ஆற்றில் குதித்தவர் பெயர் வைத்த பாலத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

1856-ல் வித்யாசாகர் கட்டியதும் அப்படி ஒரு பாலம்தான். சட்டம் என்கிற பாலம். டிசைன் பிரமாதம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து பாலம் வரை ரோடு இல்லை. அந்த ரோட்டை மனுஷன் தன் கைக்காசில் போடப் பார்த்து, 60 கல்யாணம் வரை போய், கடனாளியானார். ஒரு ஆள் எத்தனை தூரத்துக்கு ரோடு போட முடியும்? காசிக்கும் பிருந்தாவனத்துக்கும் போனால், வங்காளத்திலிருந்து வந்து பஜனை மடங்களில் காலத்தை ஓட்டும் விதவைகளை இன்றும் பார்க்கலாம். பாலம் கட்டி நூற்றி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் இக்கரையிலேயே நிற்கிறார்கள்.

"அவரைப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும் இல்ல?" என்று நண்பரைக் கேட்டேன்.

"தெரியாமலா? பரீட்சையில கேப்பாங்களே" என்றார்.

நம்ம கதையும் அதே பேப்பர்தான். கல்யாண விளம்பரப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஜாதி, நட்சத்திரம், சம்பளம், உயரம் எல்லாம் வரிசையாகச் செதுக்கியிருக்கும். மறுமணம் என்றால் தனிக் கட்டம். அதிலும், மனைவியை இழந்த நாற்பது வயசுக்காரருக்குக் 'கல்யாணம் ஆகாத பெண் தேவை' என்று கூசாமல் போட முடிகிறது. முப்பது வயசில் கணவனை இழந்த பெண்ணுக்குக் 'கல்யாணம் ஆகாத பையன் தேவை' என்று போட எத்தனை அப்பாக்களுக்குத் தைரியம் வருகிறது? சட்டம் தடுக்கவில்லை. சட்டம் வந்து காலமாச்சு. ரோடுதான் வீட்டு வாசல் வரை வரவில்லை.

எனக்கு இந்தக் கதையில் வித்யாசாகரைவிட ஒரு விதத்தில் நெருக்கமாகத் தெரிகிறவர் அந்த ஸ்ரீஷ் சந்திரர்தான். மகான் இல்லை. மாதச் சம்பளக்காரர். வீட்டில் அழுகை, ஊரில் வசவு, நடுவில் தயக்கம். நம்மை மாதிரி. அவர் பெயரில் பாலம் கிடையாது, ஸ்டேஷன் கிடையாது. ஆனால் அவர் அன்றைக்குப் பல்லக்கில் ஏறாமல் இருந்திருந்தால், சட்டம் காகிதத்தில் செதுக்கிய எழுத்தாகவே இருந்திருக்கும். பாலத்தைக் கட்டுவதற்கு வித்யாசாகர் வேண்டும். முதல் ஆளாக நடந்து போவதற்கு, பாவம், ஒரு குமாஸ்தா போதும்.

போகிற போக்கில் ஒரு தகவல். வித்யாசாகர் சேதுவைத் தாண்டி மேற்கே போகிற வண்டி, கோனா எக்ஸ்பிரஸ்வே வழியாக தேசிய நெடுஞ்சாலை 16-ஐப் பிடிக்கலாம். அந்த ரோடு ஒரிசா, ஆந்திரா எல்லாம் கடந்து வந்து முடிகிற இடம் எது தெரியுமா? சென்னை. வழி நெடுக மைல்கல் இருக்கிறது. என்றைக்காவது அந்த ரோட்டில் போனால், கல்லில் இருக்கிற நம்பர் சரிதானா என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.